ஏசியை அணைத்தேன்

பெங்களூர் சாலை அப்போது இருவழிதான். பிள்ளையார்பாளையத்திலிருந்து சொந்தக்காரர் கல்யாணத்துக்கு எங்கள் சின்ன டீசல் வேனை நான்தான் ஓட்டினேன். வண்டி நிறைய ஆள். பட்டுப்புடவையில் வேர்வை படக்கூடாதென்று ஏசியை முழுசாக வைத்திருந்தேன். ஒரு லாரியை முந்தும்போது பாதியில் வண்டி இழுக்கவில்லை. எதிரே பஸ். நல்லவேளை, லாரிக்காரர் பிரேக் போட்டு எனக்கு இடம் விட்டார்.

"பொம்பள ஓட்டினா இப்படித்தான் ஆவும். எறங்கும்மா, நான் ஓட்டறேன்" என்றார் கணவரின் அண்ணன்.

தப்பு என் மேல்தான். ஆனால் அவர் சொன்ன தப்பு இல்லை; ஏசி முழுசாக ஓடினால் சின்ன இன்ஜினுக்கு இழுவை குறையும், அதை மறந்து முந்தப் போனதுதான்.

"எறங்க மாட்டேன் மாமா" என்று ஏசியை அணைத்தேன். முன்னால் இன்னொரு லாரி. எதிர்ப்பக்கம் காலியாகும்வரை காத்திருந்து, மூன்றாவது கியருக்கு இறக்கி, முந்தினேன்.

என் புடவையில் அந்த வேர்வைக் கறை இன்னும் இருக்கிறது. இருக்கட்டும்.