நின்றால் விட்டுவிடும் வலி

இங்கிலாந்தின் இந்த பிராட்ஃபோர்டில் மேட்டுத் தெருவில் ஒருவன் நடுவழியில் நின்றுவிட்டால் ஏன் என்று கேட்க நாதியில்லை. தொப்பியைத் தொட்டு, "நல்ல வெயில்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நம் ஊராயிருந்தால் இந்நேரம் நாலு பேர் கூடி, வாயு என்று தீர்ப்புச் சொல்லி, சோடா உடைத்திருப்பார்கள். கம்பளி மில்லுக்குப் போகும் வழியில் ஒரே விளக்குக் கம்பத்தடியில் தினமும் நிற்கிறேன். நெஞ்சு இறுகுகிறது. கொஞ்சம் நின்றால் விட்டுவிடுகிறது.

டாக்டர், "பெயின் உண்டா?" என்றார். "நோ பெயின்" என்றேன். பாரத்தைப் போய் வலி என்று யார் சொல்வார்கள்? அவர் என்னை அனுப்பியே இருப்பார். கதவுவரை போனவன், மேடு ஏறினால் நெஞ்சில் யாரோ உட்காருகிறார், நின்றால் எழுந்து போய்விடுகிறார் என்று அரைகுறை இங்கிலீஷில் சொல்லவும், திரும்ப உட்காரவைத்தார். ஆஞ்சைனா என்றார். இதயத்துக்கே ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் குறுகிவிட்டனவாம். ஏறும்போது அதற்குக் கூடுதல் ரத்தம் வேண்டும், கிடைப்பதில்லை. நின்றால் தேவை குறைந்து அடங்குகிறது. அடங்கிவிட்டதே என்று சும்மா இருந்தால் ஒருநாள் மாரடைப்பில் கொண்டுபோய் விடுமாம். நாக்கடியில் வைக்க மாத்திரை கொடுத்தார். "உங்கள் அப்பாவுக்கு இருந்ததா?" என்று கேட்டார். நைனா மலையேறியது கண்முன் வந்தது.

எங்கள் பாலசமுத்திரம் ஆந்திராவில் நிற்குமா, மதராஸோடு போகுமா என்று ஊரே அல்லாடிய காலம். எந்தப் பக்கமானாலும் முடிவு தெரிந்தால் திருப்பதி மலைக்கு நடந்தே வருவதாக நைனா வேண்டிக்கொண்டார். ஆந்திராவிலேயே நிற்கும் என்று முடிவானதும் ஏறினோம். பெண்கள் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்தபடி வந்தார்கள். நைனாவோ சற்றைக்கொரு தரம் நின்று, மார்பில் கைவைத்துக் கண்ணை மூடினார். பின்னால் வந்தவர்கள் "எந்த பக்தி", எவ்வளவு பக்தி என்று தெலுங்கில் வியந்தார்கள். ஒருத்தி அவர் காலில் விழுந்தே விட்டாள்.

"மார்ல யாரோ குந்திக்கினு கீற மாதிரி கீதுடா. நின்னா பூடுது," என்றார் நைனா.

"சாமிதான் நிக்க வெச்சுப் பாக்கறாரு, நைனா," என்றார் அண்ணன்.

எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. அடுத்த மாதம் மாந்தோப்பில் விழுந்தவர் எழுந்திருக்கவேயில்லை.

சென்ற வாரம் ஊர்ப்பக்கமிருந்து புதிதாக வந்த புத்தூர்க்காரர் ஒருவர் பூரிப்போடு சொன்னார்: "ஒங்க அண்ணனும் நைனா மாதிரியேதான். வரப்பு ஏறச்சொல்லோ கூட நின்னு, மார்ல கைய வெச்சுக்கினுதான் போறாரு. பொரட்டாசில மலைக்கு நடக்கறாராம்."

கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மலைக்கு நடக்க வேண்டாம், வேலூர் போய் டாக்டரைப் பார்க்கவும் என்று அண்ணனுக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். வேலூர் இப்போது வேறு ராஜ்யம் என்பார். வேண்டுதலை விடுவதா என்பார். என்ன சொன்னாலும் சரி, ஏதாவது பதில் வந்தால் போதும் என்றிருக்கிறது. வரவில்லை. புரட்டாசி பிறந்துவிட்டது.

இன்று காலையும் கம்பத்தடியில் நின்று மாத்திரையை நாக்கடியில் வைத்தேன். கண்ணை மூடியிருந்தேன் போலிருக்கிறது. எதிரே வந்த வெள்ளைக்காரக் கிழவி, நான் ஜபம் செய்கிறேன் என்று நினைத்து ஓரமாக ஒதுங்கிக் காத்து நின்றாள். நெஞ்சின் பாரம் விட்டுவிட்டது, கால்தான் நகரவில்லை. மில் சங்கு ஊதிவிட்டது. நான் இன்னும் மலைப்படியில், அண்ணனுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறேன்.