அளவுச் சட்டை

எங்கள் வீட்டில் சட்டை என்றால் அது அப்பாவுடையது. அப்பா போட்டுப் பழசானதை அம்மா புடவைக்கு மேல் போட்டுக்கொள்வாள். முழுக்கை, கழுத்து வரைக்கும் பட்டன். நடவுக்குப் போகிறவர்கள், களையெடுக்கிறவர்கள், ஏரி வேலைக்குப் போகிறவர்கள் என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான். கையை வெயில் சுடாது, நெல் தாள் அறுக்காது, குனிந்து நிமிரும்போது புடவை விலகுமே என்ற கவலை இல்லை. அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பெனியில் லோடிங் வேலை பார்த்தவர். கம்பெனி கொடுக்கும் நீலச் சட்டையில், பாக்கெட்டுக்கு மேலே கம்பெனியின் பெயர் இருக்கும். அதனால் ஏரியில் மண் எடுக்கும்போதும் அம்மாவின் நெஞ்சில் அந்தக் கம்பெனியின் பெயர்தான். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தூரத்தில் நீலச் சட்டை தெரிந்தால் அது அப்பாவா அம்மாவா என்று எனக்குக் குழம்பும்.

சட்டை விஷயத்தில் நான் இன்னும் தெளியவில்லை. எழுதினாலாவது தெளியுமா என்று பார்க்கிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். மெக்கானிக்கல் படித்துவிட்டு, அதே சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். வருகிற ஒவ்வொரு பீஸையும் அளவு சரிபார்க்கிற கேஜில் போட்டுப் பார்ப்பேன். டிராயிங்கில் உள்ளபடி இருந்தால் இந்தப் பக்கம், ஒரு துளி மாறினாலும் கழித்ததைப் போடுகிற சிவப்பு டிரேவில். வேலை கிடைத்ததும் நான் முதலில் எதிர்பார்த்தது, அம்மா இனி மறுபடியும் அந்தச் சட்டையைப் போட வேண்டியிருக்காது என்பதைத்தான். அதற்கு முன்பே அவள் ஏரி வேலையை விட்டுவிட்டு, செங்குன்றம் பக்கம் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போய்க்கொண்டிருந்தாள். விடிவதற்குள் வேன் வந்துவிடும். வெளிநாட்டுக்குப் போகிற சட்டைகள். அம்மாவின் லைனில் இடது கை தைக்க ஒருத்தி, வலது கை தைக்க ஒருத்தி. அம்மா இடது கை. பொன்னேரியிலிருந்து வருகிற ஓர் அம்மா வலது கை. தைத்ததைத் தள்ளிவிட்டால் அது அடுத்த மிஷினுக்குப் போய்விடும். இத்தனை வருஷத்தில் ஒரு முழுச் சட்டையை அவள் அங்கே கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

போன வருஷம் அந்த யூனிட்டை மூடிவிட்டார்கள். பி.எஃப். பணம் வந்ததும் அம்மா ஒரு பழைய மிதி மிஷின் வாங்கிக்கொண்டு வந்தாள். தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பாள் என்று நினைத்தோம். அவள் தைக்கவில்லை. நூறு நாள் வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு, அப்பாவின் நீலச் சட்டையைப் பரணிலிருந்து இறக்கினாள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நான் சம்பாதிக்கிறேனே, இது எதற்கு என்று கேட்டேன்.

"வெயிலு உன் சர்டிபிகேட்டப் பாத்துட்டு என்ன சுடாம போவுமா, நைனா?" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளே தனக்கு ஒரு சட்டை தைக்க உட்கார்ந்தாள். டெய்லரிடம் போனால் அளவுக்கு ஒரு சட்டை கொண்டுபோவோம் இல்லையா, அதுபோல அப்பாவின் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். வேண்டாம் என்றாள். அது அப்பாவின் தோள், தனக்கு எதற்கு என்று கேட்டாள். அவள் அளவில் வீட்டில் ஒரு சட்டையும் கிடையாது. அதனால் நான்தான் டேப் பிடித்தேன். வேலையில் வெர்னியர் பிடித்து அளந்து பழகிய கைதான். ஆனால் அம்மாவின் தோளில் டேப்பை வைக்கும்போது எனக்கு ஏனோ கூச்சமாக இருந்தது. இரண்டு தோளும் ஒன்றுபோல இல்லை. வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. எந்த அளவைச் சொல்வது என்று தெரியாமல் இரண்டையும் சொன்னேன்.

அந்தச் சட்டைக்கு இரண்டு கையும் இடது கையாகவே அமைந்துவிட்டது. கஃப் இரண்டும் கடையில் வாங்கியதுபோல இருக்கிறது, ஆனால் வலது கையில் பட்டி உள்பக்கமாக வந்து, கையை மடக்கினால் துணி முறுக்கிக்கொண்டது. அப்பா சிரித்த சிரிப்பில் தெருநாய் எழுந்து ஓடியது. அம்மா அதைப் பிரிக்கவில்லை, அப்படியே ஏரி வேலைக்குப் போட்டுக்கொண்டு போனாள். திரும்பி வந்ததும் பொன்னேரி அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"ஏண்டி, உன் கைய நீ எப்பிடித் தெச்ச?"

அந்தப் பக்கம் அந்த அம்மா சிரித்தது வாசல் வரைக்கும் கேட்டது.

சாப்பிடும்போதுதான் அம்மா அந்தப் பொம்மைக் கதையைச் சொன்னாள். எனக்கு அதுவரை தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஊரில் வேர்க்கடலைக் கொல்லைக்குக் காக்காய் ஓட்ட நிற்கவைக்கிற பொம்மைக்கு அவள்தான் உடுப்புத் தைப்பாளாம். நிலத்துக்காரர் வீட்டில் கந்தல் கொடுப்பார்கள். ஒரு போகத்துக்குப் போட்ட உடுப்பு அடுத்த போகத்துக்கு இருக்காது. ஒருமுறை கொசுவம் வைத்த பாவாடை, ஒருமுறை சோடா மூடியைப் பட்டனாக வைத்த போலீஸ் சட்டை. பஸ்ஸுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்களாம்.

"கண்ணாலமாச்சு, அதுக்கப்புறம் ஒண்ணுமே தோணல," என்றாள். "இப்ப மறுபடியும் தோணுது."

என்ன தோன்றுகிறது என்று கேட்டேன். கண்ணை மூடினால் துணி துணியாக வருகிறது என்றாள். நான் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாமல், கண் டாக்டரிடம் போகலாமா என்று கேட்டுவிட்டேன்.

அதன் பிறகு வீடு முழுக்கத் துணி. திருவள்ளூர் பஜாரில் வெட்டுத் துணியை எடைக்குப் போடுகிற கடை ஒன்று இருக்கிறது. பஸ் பிடித்து அங்கே போய் மூட்டையாகக் கொண்டுவருவாள். லுங்கித் துணியில் காலர், ஜன்னல் திரையில் முதுகு. ஒரு சட்டை போல இன்னொன்று இல்லை. கேஜில் போட்டால் எல்லாமே சிவப்பு டிரேவுக்குத்தான் போகும். ஆனால் வேலையில் இருக்கும்போது, வரிசையாக ஒரே மாதிரி வருகிற பீஸ்களைப் பார்த்துக்கொண்டே, இன்று வீட்டில் என்ன நிறம் ஓடுகிறதோ என்று யோசிக்க ஆரம்பித்திருந்தேன். அது பிடித்துப்போய் யோசித்ததா, பயந்து யோசித்ததா என்று கேட்டால் தெரியாது.

கடைசியாக மஞ்சள் சட்டை வந்தது. பச்சைக் காலர். கைகள் இரண்டும் சரியாக விழுந்த முதல் சட்டை. பெண்கள் சட்டைக்குப் பட்டன் எதிர்ப்பக்கம் வர வேண்டும் என்று எக்ஸ்போர்ட் கம்பெனியில் சொல்லுவார்களாம், அப்படியே வைத்திருந்தாள். பாக்கெட்டில், கிழிந்த குடைத் துணியில் வெட்டிய ஒரு காக்காய். பொம்மை வைத்துத் துரத்தியதெல்லாம் போதும், இது ஒன்று தன்னோடு இருக்கட்டும் என்றாள்.

அதே மாதம்தான் என் கல்யாணப் பேச்சு உறுதியாகிற மாதிரி வந்தது. பெரியப்பா பார்த்துச் சொன்ன இடம், ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பெண் வேப்பம்பட்டில் தங்கி, ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். அவளும் அவள் வீட்டில் முதலில் படித்தவள். பெரியவர்கள் பேசி முடித்த பிறகு நாங்கள் போனில் பேச ஆரம்பித்தோம். ரத்தம் எடுக்கப் போனால் ஊசியைப் பார்த்து அழுகிற போலீஸ்காரர்களைப் பற்றிச் சொல்வாள். எனக்கு அவள்தான் என்று ஆகிவிட்டது. இது கெட்டுவிடக் கூடாதே என்பதைத் தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு நினைப்பில்லை.

தட்டு மாற்றப் போகிற காலையில், அம்மா புதுப் புடவை கட்டி, அதற்கு மேல் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"பொண்ணு ஊட்டுக்கு சனீஸ்வரன் வண்டியோட வர்றியா?" என்றார் அப்பா.

நான் கெஞ்சினேன். அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. "நான் ஒழுங்கா தெச்ச மொத சட்டை இது. நல்ல நாளுக்குப் போடாம ஏரிக்கா போடுவேன்?" என்று கேட்டுவிட்டுப் பூ வைத்துக்கொண்டாள். நான் வீட்டுக்குப் பின்னால் போய் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். கேட்டதும் சிரித்து, போட்டுக்கொண்டு வரட்டுமே என்றாள். பிறகு, தன் அம்மா என்ன சொல்லுவார் என்று தனக்குத் தெரியாது என்றாள். இரண்டில் எதைப் பிடித்துக்கொள்வது?

பெரியப்பாவையும் ஏற்றிக்கொண்டு வாடகைக் காரில் போனோம். ஊத்துக்கோட்டை, திருவள்ளூர், திருத்தணி என்று வழி நீண்டுகொண்டே இருந்தது. அவர்கள் வீட்டு வாசலில் பெண்ணின் அம்மா வந்து கூப்பிட்டார். தண்ணீர்ச் செம்பை நீட்டியபோது அவர் கையைப் பார்த்தேன். மணிக்கட்டு வரை கறுத்து, வளையலுக்கு மேலே வெளுத்திருந்தது. சட்டை போட்டு வெயிலில் நிற்கிறவர்களின் கை. என் அம்மாவுக்கும் அப்படித்தான். அவர் என் அம்மாவின் சட்டையைப் பார்த்தார். காக்காயைப் பார்த்தார். உள்ளே போனவர் உடனே திரும்பி வரவில்லை.

அப்பாவும் பெரியப்பாவும் பெண்ணின் அப்பாவோடு மழையைப் பற்றிப் பேசினார்கள். மழையைப் பற்றிப் பேச எவ்வளவு இருக்கும்? காபி கொண்டுவந்த பெண் என்னைப் பார்த்துக் கண்ணால் ஏதோ சொன்னாள், எனக்கு விளங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் அம்மா சமையலறை வாசல்படியில் வந்து நின்றார். நேரே என் அம்மாவிடம் பேசினார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. நாங்க கூலிக்குப் போறவங்கன்னு தெரிஞ்சுதான் பொண்ணு கேட்டீங்க. அத சொல்லிக் காட்டறதுக்கா இதப் போட்டுக்கினு வந்தீங்க?"

இப்படியும் ஒன்று இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்களை மட்டமாக நினைத்துவிடுவார்கள் என்றுதான் நான் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தேன். அவர்களோ நாங்கள் அவர்களை மட்டம் தட்டுவதாக நினைக்கிறார்கள். வாயைத் திறந்தேன், எந்தப் பக்கத்துக்குச் சமாதானம் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டேன்.

அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கூலிக்குப் போட்டதெல்லாம் எங்க ஊட்டுக்காரரு சட்டைங்க. இது என்து. நானே தெச்சேன்."

அந்த அம்மா பக்கத்தில் வந்து, உள்தையலைப் பார்க்கிறவர் போலச் சட்டையின் அடிப் பட்டனைப் பிடித்துக் கழற்றப் பார்த்தார். விரல் பழக்கத்தில் வேறு பக்கம் போயிற்று.

"பட்டன் மாறிக் கீதே."

"லேடீஸ் சட்டைக்கு அப்பிடித்தாங்க."

"அப்பிடியா," என்று மட்டும் சொன்னார். காக்காயை ஒரு விரலால் தடவினார். சிரிக்கவில்லை.

அன்றைக்குத் தட்டு மாற்றவில்லை. பெண்ணின் அப்பா, சொல்லி அனுப்புகிறோம் என்றார். வெற்றிலை பாக்கு, பழம், புடவை எல்லாம் எங்கள் மடியிலேயே திரும்பி வந்தன. காரில் அப்பா இரண்டுமுறை "காக்கா" என்று ஆரம்பித்து விட்டுவிட்டார். எனக்கு அம்மாமேல் கோபமா? இருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவள் "இது என்து" என்று சொன்ன குரல் திரும்பத் திரும்பக் காதில் வந்தது. எங்கள் வீட்டில் எதையும் அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கோபத்தையும் அந்தக் குரலையும் ஒன்றாக வைக்க முடியவில்லை.

பதில் வரவில்லை. பெண்ணும் போனில் வீட்டு விஷயத்தைத் தவிர எல்லாம் பேசினாள். அம்மா மிஷின் பக்கமே போகவில்லை. மஞ்சள் சட்டையைத் துவைத்து மடித்துப் பீரோவில் வைத்துவிட்டாள். வீட்டில் மிதி சத்தம் நின்றதும், பக்கத்து எளாவூர் செக்போஸ்ட்டில் திரும்புகிற லாரிகளின் ஹாரன்தான் நாள் முழுக்கக் கேட்டது. மறுபடியும் ஒன்றும் தோன்றாமல் போய்விட்டதோ என்று எனக்குப் பயம். கல்யாணத்துக்குப் பயந்தேனா, அதற்குப் பயந்தேனா, அதுவும் கலந்துவிட்டது.

போன புதன்கிழமை பெரியப்பா ஒரு துணிப்பையோடு வந்தார். பெண் வீட்டில் கொடுத்தனுப்பியதாம். உள்ளே ஒரு துணி. கிளிப்பச்சை, நல்ல அழுத்தமான துணி, புதுசு.

"சரின்னாங்களா, இல்லன்னாங்களா?" என்று அப்பா கேட்டார்.

"குடுன்னாங்க, குடுத்துட்டேன்," என்றார் பெரியப்பா.

அம்மா பையைக் கவிழ்த்து உதறினாள். துணியை விரித்துப் பார்த்தாள். வேறு எதுவும் விழவில்லை.

"அளவுச் சட்டை வெக்கல."

மறந்திருப்பார்கள் என்றார் அப்பா.

"மறக்கல. அவங்க அளவுல ஒண்ணு இருந்தாத்தானே வெக்கறதுக்கு?" என்று சொல்லி, துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நான் பெண்ணுக்குப் போன் செய்து, இதற்குச் சரி என்று அர்த்தமா என்று கேட்டேன். தனக்கும் தெரியவில்லை என்றாள். அவள் அம்மாவிடம் கேட்டால் அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறாராம். ஆர்.கே.பேட்டைக் கடையில் ரொம்ப நேரம் நின்று அவரே எடுத்த துணியாம். "காக்கா மட்டும் வோணாமாம். வேற எதுனா வெக்கச் சொன்னாங்க," என்றாள். அது யாருக்குச் சொன்னது, சம்பந்திக்கா டெய்லருக்கா என்று கேட்டேன். அவள் சிரித்ததை நான் எப்படிக் கணக்கில் எடுப்பது?

வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அம்மாவுக்கு அளவெடுக்கப் போகிறோம். தட்டை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று அப்பா காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் எதற்கு வர வேண்டும் என்று கேட்டேன். டேப்புக்கு அந்தாண்ட முனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்கிறாள் அம்மா. இப்போது மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, மிதிக்காமல், சும்மா கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். பாக்கெட்டில் என்ன வைக்கலாம் என்று என்னைக் கேட்டாள். மயில் என்றேன். மயில் எல்லோரும் வைப்பார்கள் என்று சொல்லிவிட்டு, மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.