எழுதிக் கொடுத்த காகிதம்

என்னுடைய பதினோராம் வகுப்பு வேதியியல் புத்தகத்துக்குள் நாலாக மடித்த ஒரு வெள்ளைத்தாள் இருக்கிறது. விழுப்புரத்துக்கு வந்து மூன்று வாடகை வீடு மாறியாயிற்று, அந்தப் புத்தகத்தை மட்டும் நான் பழைய பேப்பர்காரரிடம் போடவில்லை. தாளின் ஓரத்தில் வெள்ளை சிமெண்ட் படிந்த ஒரு கட்டைவிரல் தடம். உள்ளே அண்ணனின் கையெழுத்தில் ஒரே வாக்கியம்: "என் தங்கை காலாண்டுத் தேர்வில் ஏதேனும் ஒரு பாடத்தில் தோல்வியடைந்தால் நானே நேரில் வந்து மாற்றுச் சான்றிதழைப் பெற்றுக்கொள்கிறேன் என உறுதி கூறுகிறேன்."

பத்தாம் வகுப்பில் நான் வாங்கிய மதிப்பெண்ணைச் சொன்னால் இன்று என்னிடம் மாடு பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். மந்தம் என்று சொல்ல முடியாது. சோம்பல்தான். ஒலக்கூர் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து திண்டிவனம் பள்ளிக்கூடத்துக்குப் போய்வரும் பஸ்ஸில் கதை பேசியே இரண்டு வருஷத்தை ஓட்டியிருந்தேன். ஆனால் அந்தக் கோடை விடுமுறையில் எங்கள் பசு கன்று போட முடியாமல் திணறியபோது ஒரு டாக்டரம்மா வந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தோள்வரை கையை உள்ளே விட்டுக் கன்றை உயிரோடு வெளியே இழுத்தார். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததை அண்ணன் கவனித்துவிட்டான். "இன்னா பாப்பா, இந்த மாதிரி ஆவணுமா?" என்றான். ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்கு முன்னால் எதற்கும் நான் அப்படித் தலையாட்டியதில்லை.

அண்ணன் டைல்ஸ் ஒட்டுகிற வேலை செய்கிறவன். என்னைவிட ஆறு வயது மூத்தவன். அப்பா அப்போது பெங்களூரில் கட்டட வேலையில் இருந்ததால் பள்ளிக்கூடத்துக்கு அவன்தான் வந்தான். என் மதிப்பெண்ணுக்கு சயின்ஸ் குரூப் கிடையாது என்றார் தலைமையாசிரியர். இரண்டு நாள் வேலையை விட்டுவிட்டு அவர் அறை வாசலிலேயே நின்றான். மூன்றாம் நாள் அவர் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, "அப்போ எழுதிக் குடு" என்றார். அந்த நாளில் எங்கள் பள்ளியில் மார்க் குறைந்த பிள்ளைகளின் வீட்டார் எல்லோரிடமும் அப்படி எழுதி வாங்குவார்கள். காதில் செருகியிருந்த, டைல்ஸில் கோடு போடுகிற பென்சிலை எடுத்தான் அண்ணன். பேனாவில் எழுதச் சொன்னார்கள். யாரிடமோ இரவல் வாங்கி, ஒவ்வொரு எழுத்தாக, கோணாமல் எழுதினான்.

காலாண்டுத் தேர்வில் வேதியியலில் பெயிலானேன்.

ராங்க் கார்டைக் காட்டியபோது அவன் திட்டவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே பார்த்துவிட்டு, "சரி, வெய்யி" என்றான். தப்பித்தேன் என்று நினைத்தேன். மறுநாள் காலை இரண்டாவது பீரியடில் பியூன் வந்து என்னைத் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். அங்கே வேலைச் சட்டையோடு அண்ணன் நின்றிருந்தான்.

"எழுதிக் குடுத்துக்கிறேன் இல்லீங்களா சார். பாப்பா பெயிலாயிட்டா. டி.சி. குடுத்துடுங்க, இட்டுக்கினு போயிடறேன்" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

என் சொந்த அண்ணனே என் தலையில் மண்ணைப் போடுகிறானே என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஜில்லாவில் வேறு எந்த மனிதனாவது இப்படி வந்து நிற்பானா? தலைமையாசிரியரும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்டார்.

"ஏம்ப்பா, அது பசங்க பயந்து படிக்கணும்னு எழுதி வாங்கறது. அதை நம்பி யாராச்சும் டி.சி. கேட்டு வருவாங்களா?"

அண்ணன், "நான் வாங்கிக்கினு போனேன் சார். இதே ஸ்கூல்ல" என்றான்.

அவன் பதினோராம் வகுப்பில் நின்றுபோனது எனக்குத் தெரியும். அப்போது எனக்குப் பத்து வயது. படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் சொன்னார்கள், நானும் அதையே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அப்பாவுக்கு எழுதத் தெரியாது என்பதால் அவர் பெயரில் அந்தக் காகிதத்தை அவனே எழுதியிருக்கிறான், அப்பா கைநாட்டு வைத்திருக்கிறார். காலாண்டில் இரண்டு பாடம் போனதும், எழுதியபடி அப்பாவை அழைத்துவந்து டி.சி. கேட்டிருக்கிறான். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அலுவலக ஜன்னலில் கையை நீட்டினான், கொடுத்துவிட்டார்கள். அதெல்லாம் மிரட்டலுக்குத்தான் என்பது ஆறு வருஷம் கழித்து அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

பிறகு வந்த தலைமையாசிரியர்தான் இவர், இவர்மேல் தவறில்லை. இருந்தாலும் அவரால் அண்ணன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஃபைலைத் தேடி, எனக்காக அவன் எழுதிய தாளை எடுத்து அவன் கையிலேயே கொடுத்து, "நீ வேலைக்குப் போப்பா. பொண்ணு இங்கதான் படிக்கும்" என்றார். வெளியே வந்ததும் அண்ணன் அதை என்னிடம் நீட்டினான். "கெமிஸ்ட்ரி புக்குல வெச்சிக்கோ" என்றான். அவ்வளவுதான். டைல்ஸ் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினான்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை வேலை நடக்கும் வீடுகளுக்குக் கூட்டிப்போனான். விழுப்புரத்தில் ஆள் குடிவராத புது வீடுகள். பாத்ரூம் ஒட்டிய உள்ளறையாகப் பார்த்து என்னைப் புத்தகங்களோடு உட்காரவைத்துவிட்டு, வெளி ஹாலில் வாசல்படிவரை டைல்ஸ் ஒட்டிவிடுவான். ஈரத்தில் கால் வைத்தால் ஒட்டியது அத்தனையும் பாழ். சாயங்காலம் பலகை போட்டு அவன் நடக்கவிடும்வரை எனக்கு வேதியியலைவிட்டால் வேறு நாதியில்லை. மத்தியானச் சோறும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலை வேகவைத்ததும் ஜன்னல் கம்பி வழியாக வரும். முதல் மாதம் அவனை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். பிறகு ஞாயிறு எப்போது வரும் என்று பார்க்க ஆரம்பித்தேன். அந்தப் புதுச் சிமெண்ட் வாசனை அடித்தால் இன்றைக்கும் எனக்கு வேதிச் சமன்பாடு நினைவுக்கு வரும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, தரவரிசையில் பெயர் வந்து, கால்நடை மருத்துவக் கல்லூரிக் கலந்தாய்வுக்குச் சென்னை போனோம். சீட்டு உறுதியானதும் நான் அழுதேன். அண்ணன் அந்த ஹாலின் டைல்ஸ் தரையையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். "ஜாயின்ட்டு சரியில்ல பாப்பா, பாரு" என்றான். குனிந்தது எதற்கென்று எனக்குத் தெரியாதா?

இந்த ஜூனில் அவன் மகள் பதினோராம் வகுப்புக்குப் போனாள். மார்க்கில் அப்படியே அத்தையைக் கொண்டிருக்கிறாள். சேர்க்க நானும் கூடப் போயிருந்தேன். வேறு பள்ளிக்கூடம்தான், ஆனாலும் அலுவலகத்து அம்மா ஒரு வெள்ளைத்தாளை நீட்டி எழுதிக் கொடுக்கச் சொன்னார். நான் எழுதுகிறேன் என்று கையை நீட்டினேன். அண்ணன் கொடுக்கவில்லை. என் பேனாவை மட்டும் வாங்கிக்கொண்டு, தங்கைக்குப் பதில் மகள் என்று போட்டு, மற்ற வாசகம் மாறாமல், ஒவ்வொரு எழுத்தாக எழுதினான். முடித்தபின் கொஞ்சம் யோசித்து, கையெழுத்துக்கு மேலே இன்னும் ஒரு வரி சேர்த்தான்.

அந்த அம்மா அதை வாங்கிச் சத்தமாகவே படித்தார்: "ஆனால் பெயிலானாலும் டி.சி. வாங்க வர மாட்டேன்."

"இது இன்னாங்க, இப்படி எழுதிக்கிறீங்க?" என்று சிரித்தார்.

"எழுதினா எழுதினபடி நடக்கறவன் மேடம் நானு. அதான்" என்று சொல்லிவிட்டு அண்ணன் கையெழுத்துப் போட்டான்.