இளைத்துக் காட்டியவள்

இடுப்பளவு தண்ணீரில் தேசம்மா நடந்துகொண்டிருந்தாள். கோட்டைக்குப்பத்துக் கரையிலிருந்து ஏரி நடுவிலுள்ள மணல்திட்டுவரை போய்த் திரும்பினால் ஒரு நடை. வெயில் ஏறுவதற்குள் நான்கு நடை. சேறு காலை உள்ளே இழுக்கும். பிடுங்கிப் பிடுங்கித்தான் வைக்க வேண்டும். மீன் பிடிக்கிறாள் என்றுதான் ஒல்லாந்தர் கோட்டை மதிலில் நின்ற சிப்பாய்கள் முதலில் நினைத்தார்கள். கையில் வலையும் இல்லை, கூடையும் இல்லை என்று கண்டதும் சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. "இன்னும் ஒரு நட, அவ்ளோதான்" என்று தனக்கே சொல்லிக்கொள்வாள். ஐந்தாவது நடைக்கும் அதையேதான் சொல்வாள்.

வயது முப்பது. வாழ்க்கைப்பட்டு வந்து பன்னிரண்டு வருடமாகியும் பிள்ளை இல்லை. கொழுப்பு கருப்பையை அடைத்திருக்கிறது, உடம்பு இறங்கினால்தான் வழி என்று அனுப்பம்பட்டு வைத்தியர் சொன்னார். மாமியார் முனியம்மாள் அதைக் குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டு, தை மாதம்வரை கெடு வைத்தாள். அதற்குள் இளைக்காவிட்டால் மகனுக்குச் சுண்ணாம்புக்குளத்தில் வேறு பெண். மகன் மாசிலாமணி கிழிந்த வலையை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து ஒரு வேளை கொள்ளுக் கஞ்சி. மற்ற வேளைக்கு வெந்நீர். இடுப்பில் வலைக்கயிறு ஒன்றைச் சுற்றி, ஒரு விரல் தளர்ந்தால் ஒரு முடிச்சுப் போட்டு வந்தாள். மீன் கூடையோடு கோட்டைச் சமையற்கட்டுக்குப் போனால், அங்கே வெண்ணெயில் மடவை மீன் பொரியும். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கூடையை இறக்குவாள். "பசிய அடக்கிட்டேன்னு நெனச்சிக்கினு படுப்பேன்க்கா, அது எனக்கு முன்னாடி எழுந்து குந்தினிருக்குது" என்றாள் பக்கத்து வீட்டுக் காந்தாவிடம்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் தோற்றுப்போனாள். வீட்டில் யாருமில்லை. பானையில் இருந்த பழைய சோறு முழுவதையும் சுட்ட கருவாட்டோடு நின்றபடியே தின்று தீர்த்தாள். பிறகு வெறும் பானையைக் கட்டிக்கொண்டு அழுதாள். மறுநாள் ஆறு நடை நடந்தாள்.

மார்கழிக் கடைசியில் கயிற்றில் பதினோரு முடிச்சு. கன்னம் ஒட்டி, வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. மாமியார் முன்னால் போய் நின்றாள். முனியம்மாள் மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாடி இது, காஞ்ச கருவாடாட்டம்? இந்த ஒடம்பு இன்னா புள்ளயத் தாங்கப்போவுது?"

தேசம்மா புருஷனைப் பார்த்தாள்.

"அம்மா சொல்லுது. நா இன்னா பண்றது" என்றான் அவன், வலையிலிருந்து கண்ணெடுக்காமல்.

தையில் சுண்ணாம்புக்குளத்துப் பெண் தோணியில் வந்து இறங்கினாள். பதினாறு வயது, உருண்டையான தோள், இறங்கியபோது தோணி ஒரு பக்கம் சாய்ந்தது. கொழுகொழுவென்று இருக்கிறாள், இதுதான் பிள்ளை பெறுகிற உடம்பு என்று முனியம்மாள் கரையிலேயே திருஷ்டி கழித்தாள்.

அன்று கல்யாணப் பந்தியில் பரிமாறியது தேசம்மாதான். பெண் மாமியாரின் கண்ணைப் பார்த்துப் பார்த்து, இரண்டு வாய் உண்டதும் போதும் என்று கையால் இலையை மறைத்தாள். தேசம்மா அவள் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மறைத்திருந்த அந்தக் கையை மெல்ல விலக்கினாள். சோறு இன்னொரு அகப்பை வைத்து, குழம்பின் அடியிலிருந்து நடுத்துண்டு மீனைத் தேடி எடுத்து அதன்மேல் வைத்தாள்.