வெள்ளி இரவு பன்னிரண்டு நாற்பது

இணுவிலில் எங்கள் ஒழுங்கைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் வருவதென்றால் முதலில் பரமலிங்கத்தாரிடம்தான் ஓடுவோம். முப்பது வருடம் பஸ் நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்தவர். விமானத்தில் கால் வைத்ததே இல்லை. ஆனால் ரொறன்ரோவுக்கும் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கும் பதினாலாயிரம் கிலோமீற்றர், இடையில் இறங்கி ஏறுவதோடு இருபத்தொரு மணித்தியாலம், கூட்டிவர எட்டு மணித்தியாலம் ஓடும் வான் இங்கிருந்து எப்போது வெளிக்கிட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். "இரவு ஒரு மணி" என்று நாங்கள் சொன்னால் சீறி விழுவார். "பன்னிரண்டு தாண்டினால் அடுத்த நாள். திகதியைச் சொல்லு!"

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் மனைவி மீனாம்பிகை மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகள் வினோஜா ரொறன்ரோவில். அகதி வழக்கு இழுபட்டதில் பதினொரு வருடமாகத் தாயை நேரில் காணாதவள்.

"அம்மான்ரை முகத்தை ஒருக்காப் பாக்கவேணும். நான் வருமட்டும் வைச்சிருங்கோ அப்பா" என்று தொலைபேசியில் கதறினாள். மறுநாள் விடிய மறுபடி எடுத்தாள். "ரிக்கெற் கிடைச்சிட்டுது. வெள்ளி இரவு பன்னிரண்டு நாற்பதுக்கு இறங்குவன்."

அவர் தன் வழக்கப்படி, வியாழன் நள்ளிரவு தாண்டி நாற்பது நிமிடம் என்று எடுத்துக்கொண்டார். வெள்ளி பகல் இரண்டு மணிக்குத் தகனம் என்று அறிவித்தலும் அடித்தாயிற்று. ஆனால் பிள்ளை பேசியது எங்கள் பேச்சு. எங்களுக்கு விடியும்வரை நாள் மாறாது; அவள் சொன்னது வெள்ளி கழிந்து வரும் நள்ளிரவை. வியாழன் முழுவதும் அவள் வானத்தில் வருகிறாள் என்று நினைத்து ஒருவரும் அவளுக்கு அழைக்கவில்லை.

வெள்ளி காலை, அவளைக் கூட்டிவரப் போயிருந்த வான் சாரதி பிரணவன் கட்டுநாயக்காவிலிருந்து தொலைபேசி எடுத்தான். "ஐயா, அக்கா வரேல்லை."

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. மகள் அந்நேரம்தான் உண்மையாகவே வானத்தில் இருந்தாள். பிரணவனை அங்கேயே நிற்கச் சொன்னார்.

"நாளைக்கு எடுப்பம்" என்று எங்களிடம் கெஞ்சினார்.

"நாளைக்குச் சனி, அத்தான். சனியிலை பிரேதம் எடுக்கிறேல்லை" என்றான் மீனாம்பிகையின் தம்பி வாகீசன். "ஞாயிறு மட்டும் உடம்பு தாங்காது எண்டு, பழுதாகாமல் மருந்து போட்டவரே சொல்லிப்போட்டார்."

கூடியிருந்த எல்லோரும் அதற்குத் தலையாட்டினார்கள். நானும்தான். சனிக்கிழமைக்குப் பயந்து ஒரு பிள்ளைக்கு நாங்கள் செய்தது பெரிய பாவம். இரண்டு மணிக்குச் சொன்னபடி எடுத்தோம்.

சனி காலை பத்து மணிக்கு வினோஜா வந்திறங்கினாள். பிரணவன் வழியில் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் பந்தல் அவிழ்த்துக்கொண்டிருந்தோம். கழுவிய வீடு இன்னும் காயவில்லை. அவள் வெறும் கூடத்தைப் பார்த்தாள், பிறகு தகப்பனைப் பார்த்தாள்.

"நான் வெள்ளி இரவெண்டுதானே அப்பா சொன்னனான்?"

"ஓம் பிள்ளை, நீ சரியாத்தான் சொன்னனி" என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்துவிட்டார்.

வாகீசன் தன் கைத்தொலைபேசியை அவளிடம் நீட்டினான். "எல்லாம் வீடியோ எடுத்து வைச்சிருக்கிறன் பிள்ளை. முகம் வடிவாத் தெரியுது."

அவள் அதை வாங்கவில்லை.

"உந்தப் போனிலைதானே மாமா, பதினொரு வருசமா அம்மாவைப் பாத்தனான்."