கடைசி நாற்காலி

அந்த முதியோர் இல்லத்தில் அவளுக்கு வைத்த பெயர் சண்டைக்காரி. பதினெட்டு வருடமாகக் குளிப்பாட்டி, சோறூட்டி, படுக்கை மாற்றியவளுக்கு வேறு பெயர் கிடைக்கவில்லை போலும். "யார்கிட்டயும் வம்புக்குப் போகாதேம்மா" என்று மகள் போனில் கெஞ்சுவாள். "நான் எங்கடி போறேன், அதுதான் என்னைத் தேடி வருது" என்பாள் இவள்.

இந்த முறை வம்பு ஒரு படிவமாக வந்தது. மறதி நோய் வந்தவர்களின் பதற்றத்தை அளக்கும் படிவம். இருபது கேள்வி, ஆமாம் இல்லை என்று பதில், கடைசியில் கூட்டுத்தொகை, அடியில் பராமரிப்பவரின் கையெழுத்து. டாக்டர் வருவது காலை பத்து மணிக்கு. குளித்துச் சாப்பிட்டு வெயிலில் சுகமாக உட்கார்ந்திருக்கும் நேரம். அப்போது கேட்டால் யாருக்குத்தான் பதற்றம் இருக்கும்?

இல்லத்தில் இருக்கும் டிரைவர் ஐயா முப்பது வருடம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். "போன வாரம் ஏதாவது கவலைப்பட்டீங்களா?" "இல்லையே." "பயம்?" "இல்லவே இல்ல." போன வாரம் என்ற ஒன்றே அவரிடம் இல்லை. அதில் கவலை மட்டும் எங்கிருந்து வரும்? மொத்தம் பூஜ்யம்.

மேலாளர் அம்மா உடனே முடிவு கட்டிவிட்டார். பதற்றமே இல்லாத மனுஷன் அவ்வப்போது வாசல் கேட்டைப் பிடித்து உலுக்கினால் அது வெறும் பிடிவாதம். இனிமேல் நாற்காலியோடு பெல்ட் போட்டுக் கட்ட வேண்டியதுதான். புது பெல்ட்டும் வந்து இறங்கிவிட்டது.

"கையெழுத்துப் போடு."

"மாட்டேன்."

"டாக்டரே எழுதியிருக்காரு. மறுக்கறதுக்கு நீ யாரு?"

"மூணரை மணிக்கு வந்து பார்த்துட்டு எழுதச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் பேனாவத் தொடமாட்டேன்."

"வேலை போயிடும்."

"போகட்டும்."

கையெழுத்து இல்லாத படிவம் செல்லாது. மறுநாள் மூன்றரைக்கு டாக்டர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

அது எல்லோரும் கூடத்தில் டீ குடிக்க உட்காரும் நேரம். டிரைவர் ஐயா எழுந்து விரல் நீட்டித் தலைகளை எண்ணுவார். அவர் வேனில் இருபத்திரண்டு பிள்ளைகள். இங்கே உட்கார்ந்திருப்பதோ இருபத்தொரு பேர். சண்டைக்காரி ஓடிப்போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தால் கணக்கு சரியாகிவிடும். அவளுக்கு விடுமுறை என்றால்தான் அவர் கேட்டை உலுக்குவார்.

அன்று அவள் உட்காரவில்லை. சுவரோரம் நின்றாள்.

"இருபத்தொண்ணு." திரும்பவும் எண்ணினார். "இருபத்தொண்ணு." சட்டை தெப்பலாக நனைந்துவிட்டது. கேட்டுக்கு ஓடினார். டாக்டர் பின்னாலேயே போய், "ஐயா, கவலையா இருக்கா?" என்று கேட்டார்.

"எனக்கென்ன கவலை? ஒரு பிள்ளையக் காணோம்!"

பழக்க தோஷம், டாக்டரின் பேனா 'இல்லை' என்ற கட்டத்துக்குப் போயிற்று. சண்டைக்காரி அந்தக் கையை வெடுக்கென்று பிடித்து டிரைவர் ஐயாவின் நெஞ்சில் வைத்தாள்.

"இங்க கேளுங்க டாக்டர்."

கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பேனா கீழே விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

அவள் ஓடிப்போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஐயா, நான் வந்துட்டேன்! வண்டிய எடுங்க."

அவர் திரும்பி வந்து எண்ணினார். "இருபத்திரெண்டு. இவ்வளவு நேரம் எங்கம்மா போன?"

"மன்னிச்சிருங்க ஐயா" என்றாள். பதினெட்டு வருடத்தில் அவள் யாரிடமும் சொல்லாத வார்த்தை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டாக்டர் பழைய படிவத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: பதற்றம் கடுமை, மூன்றரை மணிக்கு. மருந்து: கடைசி நாற்காலியில் தினமும் ஓர் ஆள். அதில் அவள் கையெழுத்தை முழுசாகப் போட்டாள்.

"அந்த பெல்ட் எங்க?" என்றார் மேலாளர் அம்மா.

"அதால அழுக்குத் துணி மூட்டையக் கட்டிட்டேன்."

"சரி, உன் லீவு நாள்ல யாரு உட்காருவா?"

"நீங்கதான். மூணரைக்கு டாண்ணு வந்துடுங்க. லேட்டா வந்தா டிரைவர் ஐயா திட்டுவாரு."