யாரும் எடுத்துக்கொள்ளலாம்

அனுசியா சிலமலையில் மூன்றாம் வகுப்பு டீச்சர். பாடங்களைச் சின்ன வீடியோக்களாகச் செய்து இணையத்தில் ஏற்றிப் பெற்றோரின் செல்போனுக்கு அனுப்பும் பழக்கம் ஊரடங்கில் தொடங்கியது; பள்ளி திறந்த பிறகும் அவள் அதை விடவில்லை. ஒருமுறை இணையத்தில் கிடைத்த யானைப் படம் ஒன்றை வீடியோவில் சேர்த்துவிட்டாள். படத்துக்குச் சொந்தக்காரர் புகார் கொடுக்க, வீடியோவையே தூக்கிவிட்டார்கள். பிறத்தியார் வீட்டுத் தோட்டத்தில் பறித்துப் பிடிபட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

அதிலிருந்து, இலவசமாக எடுத்துக்கொள்ள அனுமதி உள்ள படங்களை மட்டுமே தேடினாள். எடுத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டியவை, வியாபாரத்துக்கு ஆகாதவை, எந்த நிபந்தனையும் இல்லாதவை என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். பெயர் போடச் சொன்ன இடத்தில் ஒருநாளும் போடாமல் விட்டதில்லை.

'நமக்கு உதவுவோர்' பாடத்துக்கு ஓட்டுநர் படம் தேடினாள். கோட்டும் தொப்பியுமாக வெள்ளைக்காரர்கள்தான் வந்தார்கள். ஏலக்காய் என்று தேடினால் பீங்கான் கிண்ணத்தில் காய்ந்த காய் வந்தது, செடி வரவில்லை. வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் அம்மாக்கள் ஜீப்பேறி மலைக்குக் காயெடுக்கப் போகிறவர்கள்.

"டீச்சர், இந்த ஆளு எந்த எஸ்டேட்டுக்கு ஓட்டுறாரு?" என்று கோட்டுப் போட்ட ஓட்டுநர் படத்தைக் காட்டி ஒரு பிள்ளை கேட்டது.

அந்த வாரமே அனுசியா தன் அண்ணன் சின்ராசுவின் ஜீப்பில் போடிமெட்டுக்குப் போனாள். சின்ராசு பல வருடங்களாக அந்த வளைவுகளில் பெண்களை ஏற்றிப் போய் இறக்குகிறவன். அவர்கள் அப்பா குடித்தே செத்தவர். அதனால் சின்ராசு கள்ளைக்கூட மோந்து பார்த்ததில்லை. "சின்ராசு வண்டின்னா கண்ண மூடி ஏறலாம்" என்பது மலைக்குப் போகும் பெண்களின் பேச்சு.

மெட்டில் மூடுபனி. ஜீப்பின் மேல் கையை ஊன்றி நின்றான் சின்ராசு. இருட்டோடு எழுந்து ஓட்டிவந்த கண்கள் சிவந்திருந்தன. முகத்தில் ரெண்டு நாள் தாடி. படம் நன்றாக விழுந்தது.

"அண்ணே, இதப் பிள்ளைகளுக்குக் காட்டட்டுமா?"

"காட்டிட்டுப் போ. எம்மூஞ்சியப் பாத்துப் பயந்துறாம."

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஊரார் படங்களை இத்தனை எடுத்தோமே, நாமும் கொடுக்க வேண்டாமா என்று அனுசியாவுக்குத் தோன்றியது. ஏலச்செடி, காயெடுக்கும் கை, ஜீப்பு, அண்ணன் முகம் எல்லாவற்றையும் ஓர் இலவசப் படத் தளத்தில் ஏற்றினாள். யார் வேண்டுமானாலும், எதற்கு வேண்டுமானாலும், கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்ற விதியைத்தான் தேர்ந்தெடுத்தாள். தன்னைப்போல் ஒரு டீச்சர் எங்கேயோ தேடிக்கொண்டிருப்பாள் என்பது மட்டுமே அப்போது அவள் மனதில் இருந்தது. அண்ணனிடம் மறுபடி கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

மழைக்காலம் முடியும்போது போடி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பெரிய ஃபிளெக்ஸ் ஏறியது. 'குடி உங்கள் குடும்பத்தை அழிக்கிறதா?' என்ற கேள்விக்குக் கீழே சின்ராசுவின் முகம். பின்னால் இருந்த மூடுபனியை மட்டும் கறுப்பாக்கியிருந்தார்கள்.

பெண்கள் அவனிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் நாலு பேர் வேறு ஜீப்பில் ஏறினார்கள். அடுத்த வாரம் வண்டி பாதி காலி. "அப்பன் ரத்தம் எங்க போகும்" என்று யாரோ சொன்னது அவன் மனைவி பொற்கொடியின் காதில் விழுந்தது. எஸ்டேட்டுக்கு ஆள் அனுப்பும் மேஸ்திரி, "எனக்குத் தெரியாதா ஒன்ன? ஆனா அம்புட்டு வளைவு கெடக்கே மாப்ளே" என்று சொல்லி ஆட்களை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டான்.

அனுசியா அந்த ஃபிளெக்ஸை வைத்த குடிப்போர் மறுவாழ்வு மையத்துக்குப் போனாள். மேலாளர் சிவக்குமார் மரியாதையாக உட்காரவைத்தார்.

"நாங்க திருடல டீச்சர். எதுக்கும் எடுத்துக்கலாம்னு போட்டிருந்துச்சு."

"படத்துல இருக்கவரக் கேவலமாக் காட்டக் கூடாதுன்னு அதே தளத்துல விதி இருக்கு சார்."

"குடியிலிருந்து மீள நினைக்கிறவரைக் காட்டுறது கேவலமா? நீங்களே இப்படிச் சொல்லலாமா?"

அது தன் அண்ணன் என்று மட்டும் அவள் சொன்னாள். இவள் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுத்தான் அவர் ஃபிளெக்ஸை இறக்கச் சம்மதித்தார். இறக்கியதைத் தேவாரம் ரோட்டில் ஒரு டீக்கடைக்காரர் வாங்கி வெயிலுக்குக் கட்டினார், படம் வெளியே தெரியும்படி. அதையும் அனுசியா போய்க் கெஞ்சித் திருப்பிக் கட்டவைத்தாள். தளத்திலிருந்து படத்தை அழித்தாள். அதற்குள் அது எத்தனையோ இடங்களுக்குப் போயிருந்தது. கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்பதை அன்றைக்குத்தான் நிதானமாகப் படித்தாள்.

சின்ராசு திட்டவில்லை. பொற்கொடிதான் வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள்.

"ஊருல எம்புட்டுப் பேரு இருக்காக. ஒனக்கு ஒங்க அண்ணன் மூஞ்சிதான் ஆப்புட்டுச்சா?"

"மதினி, நான் பிள்ளைகளுக்காக..."

"எம் பிள்ளையப் பள்ளிக்கூடத்துல என்ன சொல்லிக் கூப்புடுறாகன்னு போய்க் கேளு."

சில மாதங்கள் சின்ராசு முட்டைக்கோஸ் லோடு அடித்தான். யார் கேட்டாலும், "நான் தொட்டதே இல்ல" என்றான். சொல்லச் சொல்ல அவர்களுக்குச் சந்தேகம்தான் கூடியது. பங்குனியில் மறுபடி ஆள் ஏற்றுகிறான் என்று அனுசியா கேள்விப்பட்டாள். எப்படி என்று தெரியவில்லை. எல்லாரும் மறந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

வைகாசியில் பூப்பாறையில் ஒரு கல்யாணம். அவன் ஜீப்பிலேயே முன்னால் உட்கார்ந்து போனாள். வண்டி நிறையப் பெண்கள். பெரியம்மாள் என்ற வயதான பெண் பின்னாலிருந்து எட்டி அவன் தோளைத் தட்டினாள்.

"இப்ப நல்லா இருக்கியாப்பு? மறுபடி நெனப்பு வருதா?"

"இல்ல ஆத்தா. விட்டு ஒரு வருசமாச்சு."

"அதச் சொல்லு. தப்புப் பண்ணாதவன் யாரு? நீ வாய் விட்டுச் சொன்ன பெறகுதான் எங்களுக்கு நிம்மதி. இல்லேன்னு சாதிச்சியே, அதுதான் பயமா இருந்துச்சு."

அனுசியா திரும்பி வாயைத் திறந்தாள். சின்ராசு ரோட்டைவிட்டுக் கண்ணெடுக்காமல், "சும்மா வா" என்றான், அவளுக்கு மட்டும் கேட்கிறமாதிரி. கியரை மாற்றினான். வண்டி அடுத்த வளைவில் ஏறியது.